இரண்டு விரற்கடை

காலையில் அய்லா சிரித்தாள்.
பர்மிங்காம் நகரின் பலசரக்குக் கடையில்
ரொட்டி அடுக்கு துடைத்துவைத்தாற்போல் காலி.
பாலும் இல்லை.
பனி விழப்போகிறதாம்,
இரண்டு விரற்கடை.
கல்லாவில் இருந்தவர்
"சீக்கிரம் வீடு போய்ச் சேருங்கம்மா" என்றார்,
புயலில் தோணி ஏறப்போகிறவளிடம் சொல்வதுபோல.

அவள் டுலூத்காரி.
தெருக்கள் மாடிப்படிபோல் ஏரிக்கு இறங்கும் வடக்கத்தி ஊர்.
அங்கே அக்டோபரில் விழுந்த பனி
மே பிறந்தும் போகாமல்
கார் நிறுத்துமிடத்து மூலையில் கறுத்துக் கிடக்கும்,
வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
மண்வாரியோடு போவார்கள், வாருவார்கள்,
காப்பி ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்கள்.
மைனஸ் இருபத்தெட்டில்
பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள்
யார் இமை முதலில் ஒட்டும் என்று
பந்தயம் கட்டுவார்கள்.

இரண்டு விரற்கடைக்குச் சிரிக்க
அவளுக்குப் பாத்தியதை உண்டு.
மருத்துவமனை வார்டில் மதியம்வரை சிரித்தாள்.

மூன்று மணிக்கு, மலைச்சரிவில்,
அவள் கார் பிரேக்கின் பேச்சைக் கேட்கவில்லை.
முதலில் பக்கவாட்டில், பிறகு பின்பக்கமாக,
மிக மெதுவாக,
ஏறக்குறைய மரியாதையோடு
ஒரு ரொட்டி வேன்மீது போய்ச் சாய்ந்தது.
விழுந்த பனி உருகி,
உருகியது கண்ணாடியாக இறுகியிருந்தது.
உப்பு தூவ வண்டி இல்லை.
வழித்துத் தள்ள வண்டி இல்லை.
டயர் கோடைக்கு வாங்கியது.
நீ எந்த ஊர் என்று
பனிக்கட்டி விசாரிக்கவில்லை.

சரிவெங்கும் சோழி உருட்டியதுபோல் கார்கள்.

க்ளியோஃபஸ் பெட்வே தன் டயர் கடையின் ஷட்டரைத் தூக்கினார்.
"கூரை இருக்கு. ஹீட்டர் ஒண்ணுதான்.
நாற்காலிக்குப் பதிலா டயர்."
முப்பத்தொரு பேர்.
வேன்காரர் பின்கதவைத் திறந்துவிட்டார்:
ஊர் முழுக்கத் தேடிய ரொட்டி
இங்கேதான் இருந்தது.
ஒருத்தி பேசாமல் அழுதாள்;
அவள் மகன் பள்ளி விளையாட்டறைப் பாயில்
இன்றிரவு தூங்குகிறான்.

அய்லா அப்பாவுக்குப் போன் போட்டாள்.
"எவ்வளவு?" என்றார் ரெய்னோ.
சொன்னாள்.
அவர் சிரித்த சிரிப்பு
ஹீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்வேக்கும் கேட்டது.
அவளுக்கு அது தன் காலைச் சிரிப்பு என்று தெரிந்தது.
"அப்பா,
போன ஜூலை ஞாபகம் இருக்கா?"
லைனில் இரைச்சல் மட்டும்.

போன ஜூலையில் டுலூத்தில் நான்கு நாள் முப்பத்தைந்து டிகிரி.
எதிர்வீட்டு ஹெல்மி காங்காஸ் வீட்டில் விசிறி கிடையாது.
ஜன்னல்கள், குளிர் நுழையாதிருக்க,
எப்போதோ பெயின்ட் அடித்து ஒட்டப்பட்டவை.
ஐந்தாம் நாள் தபால்காரர்தான் கதவைத் தட்டினார்.

"முப்பத்தஞ்சா?" என்றார் பெட்வே,
"அந்த வெயில்ல நாங்க சர்ச்சுக்கு வெளிய இறைச்சி சுட்டு..."
பாதியில் நிறுத்தி
சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
அவளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினார்.

நள்ளிரவில் யாரோ சட்டையை இழுத்தார்கள்.
பெட்வேயின் பேத்தி ஜொனெல், ஏழு வயது.
காகிதக் கோப்பை நிறையப் பனி;
மேலே தேதி, கோணல் எழுத்தில் பெயர்.
கடை ஃப்ரீசர் அவளுக்கு எட்டவில்லை.
"நாளைக்கு மத்தியானம் எல்லாம் போயிடுமாம்."
அய்லா தூக்கிவிட்டாள்.
கோப்பையை உள்ளே வைத்து,
கதவை இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு
ஜொனெல் கேட்டாள்:
"உங்க ஊர்ல இதை எங்க வைப்பீங்க?"

"எங்கே போடுறதுன்னுதான்
எங்க தெருவில சண்டையே" என்றாள் அய்லா.

சிறுமி ஓரடி பின்னால் நகர்ந்து,
பெரும் பணக்காரியைப் பார்ப்பதுபோல்
அவளை ஒருமுறை
மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.